டையைத் தொட்டால் வருவேன்

இன்று காலை ஈப்போவில் ஒரு கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டுச் செய்தி வாசிக்கிறவர் டை கட்டவில்லை, சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போடவில்லை. அவர் முடித்துச் சிரித்தபோது என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. நான் போட்டிருந்ததோ வட்டக் கழுத்துச் சட்டை. எதிரே இருந்த சீனப் பெரியவர், எனக்குத் தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டதென்று நினைத்து, தண்ணீரை நகர்த்தி வைத்தார். அவர் கையில் தைல வாடை.

அந்த வாடை சேகரனுடையது. சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரன். காற்பந்துக் குழுவுக்குக் கோல்கீப்பர், கேப்டனும் அவன்தான். ஆட்டத்துக்கு முன்னால் முட்டி இரண்டிலும் தைலத்தை அப்பிக்கொள்வான். நான் இடதுபக்க ஆட்டக்காரன். நன்றாக ஓடுவேன், பந்தோடு ஓடுவதுதான் கொஞ்சம் சிரமம். பிற்பாடு தொலைக்காட்சியில் பெரிய பெரிய ஆட்டக்காரர்களுக்கெல்லாம் குறை சொன்ன வாய் இது என்பதை நீங்கள் மறந்துவிட வேண்டும்.

கோலாலம்பூரில் தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி வாசிக்கும் வேலை கிடைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஆட வந்துவிடுவேன். எந்த வாரம் வருவேன் என்று சொல்வதுதான் பாடு. லயத்து வரிசை வீடுகளில் எதிலும் டெலிபோன் இல்லை. சேகரன்தான் வழி கண்டுபிடித்தான்.

"வெள்ளிக்கிழம நியூஸ் முடியறப்ப டைய ஒரு தடவ தொடு மச்சான். தொட்டா நீ வாரே, தொடலன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்."

தோட்டத்து மண்டபத்தில் மொத்தக் குழுவும் உட்கார்ந்து என் கழுத்தையே பார்க்குமாம். நாட்டு மக்களுக்கு ஆட்ட முடிவுகள், என் ஆட்களுக்கு ஒரு டை. அந்த நாட்களில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

தோட்டங்களுக்கிடையேயான போட்டியின் இறுதி ஆட்டம் வந்தது. அந்த ஞாயிறு எனக்குத் தலைநகரிலேயே வேலை. வெள்ளிக்கிழமை, செய்தியின் கடைசி வரியில் கேமராவுக்குப் பின்னாலிருந்து தயாரிப்பாளர் கழுத்தைக் காட்டிச் சைகை செய்தார். டை கோணலாக இருந்திருக்கிறது. சரிசெய்துவிட்டுச் சிரித்தேன்.

மாற்று ஆட்டக்காரன் தயாராக நின்றும் சேகரன் அவனை இறக்கவில்லை. "டிவியில சொல்லிட்டான், வருவான்" என்று பத்துப் பேரோடு ஆடினான். ஒரு கோலில் தோற்றார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது கேட்டான்:

"நீ டைய தொட்டீல்ல?"

"கோணலா இருந்துச்சு, சரி பண்ணச் சொன்னாங்க லா. இதுக்குப் போயி பத்து பேரோட ஆடுவாங்களா?"

"ஓ. பரவால்ல லா மச்சான்."

மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. வெட்கம்தான். அதை மறைக்கத்தான் அப்படிக் கேட்டுச் சிரித்தேன். அதன் பிறகு ஞாயிறுகளில் எனக்கு வேலை இருந்தது, அல்லது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். தோட்டம் விற்கப்பட்டு, எல்லாரும் ஈப்போ அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறினார்கள். அந்த டையைத் தொடும் பழக்கம் மட்டும் எனக்குப் பொருத்தமாக இருக்கிறது என்றார் தயாரிப்பாளர். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் தொட்டேன்.

போன மாதம்தான் சேகரன் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். அவன் இறந்து ஒரு வருடமாகிவிட்டது. அவன் மனைவி சரோஜா கோப்பி கலக்கிக் கொடுத்தாள்.

"நீங்க ரிட்டயர் ஆகற வரைக்கும் வெள்ளிக்கிழம நியூஸ விடமாட்டாருண்ணே. நீங்க டைய தொட்டதும், 'சரோ, நாளான்னிக்கு வாரான்'னு சொல்லிச் சிரிப்பாரு."

"கோவமா சொல்வானா?"

"கோவமா? ஞாயித்துக்கெழம ஒரு கைப்பிடி அரிசி கூடப் போடச் சொல்வாருண்ணே."

அங்கிருந்து தோட்டத்துக்குப் போனேன். மண்டபமும் லயமும் இல்லை. திடல் இருந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். கோல்கம்பம் எங்கே நின்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கோப்பிக்கடையில் பெரியவர் எழுந்து போய்விட்டார். என் கை இன்னும் கழுத்தில்தான் இருந்தது. இன்று வெள்ளிக்கிழமை.