ஆஷ்ட்ரேக்கு அடியில் ஒரு சுவிட்ச்

கிதேக்கா ஒருத்தரையும் நம்பமாட்டார். கோயிலில் ஜெபம் நடக்கும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருப்பார். ஜன்னல் வழியாகக் கார் தெரிகிற பெஞ்சில்தான் உட்காருவார். அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அன்றைக்குப் பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறாது.

பத்தொன்பது வருஷம் ஒரு கிடங்கின் வாசலில், வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் தடவிப் பார்க்கிற வேலை. மதியச் சோற்று டப்பாவைத் திறந்து, சோளத்துக்கும் பீன்ஸுக்கும் அடியில் விரலை விட்டுத் துழாவுவார். அப்படியே பழகிப்போன மனுஷன். கிடங்கை மூடினபோது கைக்கு வந்த மொத்தத்தையும் போட்டு ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் ஒன்றை வாங்கி டாக்ஸி ஓட்ட ஆரம்பித்தார். வீடு, வாசல், பிழைப்பு எல்லாம் அந்தக் கார்தான். அது போனால் ஆளே போச்சு.

அதனால் கண்ணாடி, விளக்கு, வைப்பர் எல்லாவற்றிலும் வண்டி நம்பரைக் கீறிவைத்தார். நைரோபியில் எல்லாரும் செய்கிறதுதான். ஜாக்கியிலும் ஸ்டெப்னி மூடியிலும் கீறினது இவர் ஒருத்தராகத்தான் இருக்கும். அதோடு விட்டாரா? ஒரு மெக்கானிக்கைப் பிடித்து ரகசிய சுவிட்ச் ஒன்றும் வைத்துக்கொண்டார். ஆஷ்ட்ரேயை உருவினால் அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பொத்தான். அதைத் தட்டாமல் சாவியைத் திருப்பினால் வண்டி இருமும், செருமும், கிளம்பாது. அந்த மெக்கானிக் மறு வருஷமே மொம்பாசாவுக்குக் குடிபோனார். கிதேக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது.

மனைவி கலுக்கிக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் சந்தையில் மாம்பழமும் அவகாடோவும் விற்கிறவள். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷமாகிறது. காலையில் அவள் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது, இவர் திருப்பினால் கிளம்பும்.

"உன் கைக்கு அது பழகல, முமோ அம்மா," என்பார், பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவாள்.

இப்படியே போயிருக்கும். ரேடியோதான் கெடுத்தது. ஜப்பான் வண்டியின் ரேடியோ எஃப்.எம்.மில் தொண்ணூறுக்கு மேல் ஒரு ஸ்டேஷனையும் பிடிக்காது. ஊரிலுள்ள பாட்டும் செய்தியும் எல்லாம் தொண்ணூறுக்கு மேலேதான். திரையிலோ ஜப்பான் எழுத்து. "என்ன டிரைவர், டோக்கியோவுக்கா கூட்டிட்டுப் போறீங்க?" என்று ஏறுகிறவனெல்லாம் கிண்டல். ஆறு வருஷம் பொறுத்துவிட்டுப் புது ஸ்டீரியோ ஒன்றை வாங்கினார்.

"மாட்டிக் குடுக்கிறது ஃப்ரீ, பெரியவரே. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, முடிஞ்சிடும்," என்றான் கடைக்காரன்.

ஃப்ரீயா? எவன் ஃப்ரீயாகச் செய்வான்? டீ வேறு குடித்துவிட்டு வரவேண்டுமாம்! கம்பெனி பிளக்கை வெட்டி, வயரைத் திரித்து, டேப் சுற்றுவார்கள். அதற்கு டேஷ்போர்டைப் பிரிக்கவேண்டும். பிரித்தால் சுவிட்ச் தெரியும். நானே மாட்டிக்கொள்கிறேன் என்று பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால் காரின் பிளக் ஒரு வடிவம், ஸ்டீரியோவின் பிளக் வேறு வடிவம். நடுவில் போட ஒரு இணைப்பு வயர் வேண்டும். ஒரு முனை காரில் சொருகும், மறுமுனை ஸ்டீரியோவில் சொருகும், ஒரு வயரையும் வெட்டவேண்டாம். அப்படி ஒன்று இருக்கிறதென்று பெட்டியிலேயே படம் போட்டிருந்தது.

பழைய ரேடியோவைக் கழற்றி, தொங்கின வயர்க்கட்டை டேஷ்போர்டில் கயிற்றால் கட்டிவைத்துவிட்டு, மறுநாள் உதிரிபாகத் தெருவுக்குப் போனார். கடை கடையாக ஏறி இறங்கினார். எல்லாரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"அது எதுக்குங்க? வெட்டி முறுக்கினா வேலை முடிஞ்சுது."

"வெட்டக்கூடாது."

"ஏன், வண்டி உங்களுது இல்லையா?"

நாலாவது கடையில் இப்படிக் கேட்டதும் கிதேக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. திருட்டு வண்டி என்று நினைத்துவிட்டானே! தெருமுனையில் ஒருவன் ஒன்றைக் கையில் திணித்தான். படத்தில் இருந்த மாதிரியே இருக்கிறதே என்று வாங்கி வந்து சொருகினால், பிளக் ஒரு நூல் பெரிசு. திரும்ப ஓடினால் அந்த ஆளைக் காணோம். தன்னையே நாலு திட்டு திட்டிக்கொண்டார்.

கடைசியில் ஒரு பெட்டிக்கடை. வாங்கேச்சி என்ற பெண், கழுத்தில் மாலை மாதிரி வயர்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சப்பாத்தி தின்றுகொண்டிருந்தாள். வண்டி எந்த மாடல், எந்த வருஷம் என்று கேட்டாள். காரிலிருந்து கழற்றின ரேடியோவைக் கொண்டுவந்தீர்களா என்றாள். கொண்டுவந்திருந்தார். நியூஸ்பேப்பரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். அவள் பின்பக்கத்துக் குழிகளை விரலால் எண்ணி, மேலே தொங்கின ஒன்றைப் பறித்துச் சொருகிக் காட்டினாள். டக்கென்று உட்கார்ந்தது.

"பழசு ஏதாச்சும் துடைச்சுக் குடுக்கிறியா?"

"சந்தேகம்னா வெச்சிட்டுப் போங்க, பெரியவரே. நான் ஒண்ணும் உங்க கையைப் பிடிச்சு இழுக்கலையே."

பணத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்தவரை அவள் கூப்பிட்டாள். "ஒரு நிமிஷம். ஆஷ்ட்ரேக்கு அடியில சுவிட்ச் வெச்சிருக்கீங்களா?"

கிதேக்கா ரேடியோவைச் சட்டைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்தார். "என்ன சுவிட்ச்? எனக்கு அப்படி எதுவும் தெரியாதே."

"சரி, உங்களுக்குத் தெரியாது," என்று சிரித்தாள். "இருந்துச்சுன்னா சொல்றேன். அந்த வயரை ரேடியோ வயர்க்கட்டோட சேர்த்துத்தான் டேப் போட்டிருப்பாங்க. கட்டை விட்டீங்கன்னா உள்ள விழும்போது அதையும் அத்துட்டுப் போகும். வண்டி நடுரோட்டுல படுத்துக்கும். ஒருத்தர் கட்டைப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் மாட்டணும். ஆள் அனுப்பட்டுமா?"

"உனக்கு யார் சொன்னது?"

"இதை யாரு சொல்லணும்? இந்தத் தெருவுல எந்த மெக்கானிக்கும் அங்கதான் வைப்பான். வேற இடம் எங்க இருக்கு? திருட வர்றவன் முதல்ல அதைத்தான் இழுத்துப் பாப்பான்."

வழியெல்லாம் அவருக்கு உடம்பு கொதித்தது. ஆறு வருஷம்! ஊரைக் கூட்டிக் காட்டின மாதிரியல்லவா இருந்திருக்கிறது. வாங்கேச்சிக்குத் தெரியும். டீ குடிக்கச் சொன்னவனுக்கும் தெரிந்துதான் இருக்கும். வண்டியைத் துடைத்துவிட்டுப் போகிறவனுக்கும் தெரிந்திருக்கும். சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது. நைரோபியில் இது தெரியாத ஒரே ஆள் கலுக்கி.

அப்போதும் சொல்ல வாய் வரவில்லை, பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, கயிற்றை அவிழ்த்துத் தனியாகவே மாட்டப் பார்த்தார். இடது கையால் வயர்க்கட்டைப் பிடித்தால் வலது கைக்கு பிளக் எட்டவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தார். சட்டை வியர்வையில் ஊறிப்போனது. வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்.

"முமோ அம்மா, கொஞ்சம் இதைப் பிடி. விட்டா வயர் அத்துடும். பிடிச்சிட்டு அந்தப் பக்கம் பாரு."

"எந்தப் பக்கம்? வானத்தையா?"

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சீட்டில் முழங்காலை ஊன்றி, வயர்க்கட்டைப் பிடித்தாள். எந்தப் பக்கமும் திரும்பவில்லை. நேராகத்தான் பார்த்தாள்.

"இந்தச் சின்னப் பொத்தான் என்ன?"

கிதேக்கா கையிலிருந்த பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முமோ அப்பா, உன்னைத்தான் கேக்கறேன்."

"திருடனுக்காக வெச்சது. அதைத் தட்டினாத்தான் வண்டி கிளம்பும்."

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தார். சத்தம் போட்டிருந்தால் தேவலாம்.

"போன வருஷம் உனக்கு மலேரியா வந்து பின்சீட்டுல கிடந்தியே," என்றாள் மெதுவாக. "நான் சாவியைத் திருப்பித் திருப்பி அழுதேன். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து தள்ளினாங்க. ஒண்ணும் நடக்கல. கடைசியில மோட்டார் சைக்கிள்ல உன்னை நடுவுல உக்கார வெச்சு, சாயாம கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள செத்துடுவியோன்னு பயந்துக்கிட்டே போனேன்."

"தெரியும்."

"அப்ப நீ முழிச்சிருந்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். காய்ச்சலில் யாருக்கு நினைவிருக்கும்? ஆனால் அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. அவள் அழுதது, ஸ்டார்ட்டர் இருமினது, எல்லாமே.

"முழிச்சுத்தான் இருந்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு, கலுக்கி. சுத்தி ஆளுங்க நின்னுக்கிட்டிருந்தாங்க."

"நானும் அந்த ஆளுங்கள்ல ஒருத்தியா?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து பிளக்கைச் சொருக ஆரம்பித்தார். அவளும் கட்டை விடவில்லை. விட்டால் வயர் அறுந்துவிடும் என்று, மாட்டி முடிக்கிறவரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.