மூன்று சட்டையும் ஒரு மெட்டும்

சித்தப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய மூன்று சட்டைகள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை கண்டியில் மாதா கோயில் பூசைக்கு வெள்ளைச் சட்டை. மத்தியானம் குண்டசாலைப் பக்கம் ஏதாவதொரு கலியாண வீட்டில் ஆட்டம் போடவைக்கும் பைலாப் பாட்டுப் பாடுவதற்குப் பெரிய பெரிய பூப்போட்ட சட்டை. சாயந்தரம் பிள்ளையார் கோயில் பஜனைக்கு மஞ்சள் ஜிப்பா. மூன்றையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு, கீபோர்டை மடியில் கிடத்தியபடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். ஞாயிறானால் அவருக்குக் கோரஸ் பாடப் போவேன். அவர் பின்வாசல் வழியாகச் சட்டை மாற்றிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே எனக்குச் சுருதி விலகிப்போகும்.

தெல்தோட்டையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவர். கெலிஓயாவில் ஒரு துணிக்கடையில் துணி கிழித்தே காலத்தை ஓட்டினார். மெட்டுப் போடுவதும் அங்கேதான், அளவுகோலால் மேசையில் தட்டித் தட்டி. நல்ல மெட்டு ஒன்று அமைந்துவிட்டால் அதை ஓரிடத்தில் கட்டிப்போட அவருக்கு மனசு வராது. மெதுவாக இழுத்தால் பூசையில் காணிக்கைப் பாட்டு. தாளத்தை முடுக்கிவிட்டால் கலியாண வீட்டுப் பைலா. ஜால்ராவைச் சேர்த்தால் பிள்ளையார் பஜனை. சொற்கள் மட்டும் வேறு வேறு, எல்லாம் அவரே எழுதியவை. இருபது வருசமாக ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இது சரியா என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, “எங்க கூப்பிட்டாலும் வரும் புள்ள, நாமதான் உடுப்ப மாத்திவிடணும்” என்றார்.

ஆனால் அப்படிப்பட்ட மனுசனுக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. வானொலிக்கு விண்ணப்பித்தால், நீங்கள் பக்தியா, மெல்லிசையா, பொப் பாட்டா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று படிவத்தைத் திருப்பி அனுப்பினார்கள். மாதா கோயில்காரர்களுக்கு அவர் பைலாக்காரர். பைலாக் கோஷ்டிக்கு அவர் சாமிப்பாட்டு ஆள். பிள்ளையார் கோயிலில் அவர் வேதக்காரர், மாதா கோயில் ஆள், பாவம், நன்றாகப் பாடுவார். எல்லோரும் ஆளுக்கொரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார்களே தவிர, முழு ஆளை யாரும் பார்க்கவில்லை. எனக்கு வயிறெரியும். அவருக்கோ அதில் ஒரு கவலையும் இல்லை, அது இன்னும் எரிச்சல்.

அந்த எரிச்சலில்தான் நான் கெடுத்தேன். மாதா கோயில் பங்கு மண்டபத்தில் அவருக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். பேசச் சொன்னார்கள், பேசினேன். பேசினதோடு விட்டேனா? காணிக்கைப் பாட்டில் ஒரு அடியைப் பாடிக் காட்டிவிட்டு, அதே அடியைப் பைலாவாகப் பாடினேன், பிறகு பஜனையாகவும் பாடினேன். ஒரே மெட்டு, மூன்று இடம், இந்தக் கெட்டித்தனம் வேறு யாருக்கு வரும் என்று கேட்டேன். சபை கைதட்டியது. முன்வரிசையில் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டதை, வெட்கப்படுகிறார் என்றே நான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பாட்டு அட்டவணையில் அந்தக் காணிக்கைப் பாட்டு இல்லை. பீடத்துக்கு முன்னால் பைலா மெட்டா என்று பங்குச் சபையில் பெரிய பேச்சாம். அந்தப் பேச்சு ஊருக்குள் நடந்து பைலாக் கோஷ்டியின் காதுக்கும் போனது. சாமிப்பாட்டுக்கு எப்படி ஆடுவது, பாவமில்லையா என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். பிள்ளையார் கோயில் தலைவர் நல்ல மனுசர், கொஞ்ச நாள் போகட்டும் என்று மட்டும் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. இருபது வருசம் மூன்று இடத்தில் வாழ்ந்த பாட்டை என் பத்து நிமிசப் பேச்சு துரத்திவிட்டது. சித்தப்பா என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். இப்போது ஞாயிறு பூசையில் கடைசி வாங்குப் பலகையில் வெள்ளைச் சட்டையோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சும்மா இருக்க முடியாமல் பங்குச் சபைக்கு நடையாய் நடந்தேன். ஒரு வருசம் அலைய விட்டு, போன மாதம் இறங்கி வந்தார்கள். பாட்டைத் திரும்பச் சேர்க்கலாம், ஆனால் அவர் ஒரு கடிதம் தர வேண்டும்: இது என் சொந்த மெட்டு, இனி வழிபாட்டுக்கு வெளியே எங்கும் இதைப் பாடமாட்டேன், பாடவும் விடமாட்டேன். கடிதத்தை நானே தட்டச்சுச் செய்து கெலிஓயாத் துணிக்கடைக்குக் கொண்டுபோனேன். பேனாவையும் திறந்து நீட்டினேன்.

அவர் இரண்டு தரம் வாசித்தார். பேனாவை வாங்கவில்லை.

“இது எங்க அம்மா அழுத ராகம் புள்ள. அப்பாவ லயத்து வாசல்ல கெடத்தியிருந்தப்போ அழுதது. நான் எங்க மெட்டுப் போட்டேன்?”

இத்தனை வருசமும் என்னிடம் சொல்லாத சங்கதி. அழுகையா வந்தது எனக்கு? கோபம்தான் வந்தது. இந்த மனுசன் ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும், நான் செய்த தப்பும் தீரும், அதற்குமா குறுக்கே நிற்கிறார் என்று கொதித்தேன். இது யாருக்குத் தெரியப்போகிறது, போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று கடைக்குள்ளேயே சத்தம் போட்டேன். அவர் கடிதத்தை நான்காக மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார்.

“போட்டுட்டா, நாளைக்கு நான் செத்தா நீ எத வச்சு அழுவ?”