எல்லாக் கோப்புக்கும் பூட்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் கடைசியாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஆலையில், அலுவலகத்துக்கென்று இருந்தது ஒரே கம்ப்யூட்டர்தான். கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச் மூன்றுக்கும் அதுவே பொது. அந்த அறையில் மட்டும் ஏசி ஓடியதால், வேலை இல்லாதவர்களுக்கும் அங்கே வேலை இருந்தது.

பிப்ரவரி வந்தால் ஒவ்வொருவரும் தங்கள் வரிச் சேமிப்பு விவரத்தை அதில் அடித்து வைக்க வேண்டும். கோப்புகள் அவரவர் பெயரில் வரிசையாகத் திறந்தே கிடக்கும். நாஷ்டா முடிந்ததும் செய்தித்தாளைப் புரட்டுவதுபோல் அவற்றைப் புரட்டுவார்கள். யார் மகனை எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறார், மேலாளரின் இரண்டாவது வீட்டுக்கு என்ன வாடகை வருகிறது என்பதெல்லாம் மதியம் கேன்டீனில் சாம்பாரோடு பரிமாறப்படும்.

ஸ்டோர்ஸில் ஒரு பெண்மணி இருந்தார். கணவர் எங்கள் ஆலையில் வேலை பார்த்து இறந்தவர்; கருணை அடிப்படையில் அந்த வேலை இவருக்குக் கிடைத்தது. ஆரம்பாக்கத்தில் மாமியார் வீட்டில் மகளோடு இருந்தார். கணவரின் தம்பி எங்கள் டெஸ்பாட்ச் பிரிவில்தான் இருந்தார். அவர் கேட் பாஸ் அடிப்பதும் அதே கம்ப்யூட்டரில்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்மணி என் மேஜைக்கு வந்தார்.

“சார், திருநின்றவூர்ல ஒரு ஊடு பாத்துருக்கேன். லோனு ஆயிடுச்சு. மார்ச்சுல ரிஜிஸ்ட்ரேஷன். அதுவரைக்கும் எங்க கொழுந்தனுக்குத் தெரியக் கூடாது.”

“தெரிந்தால்?”

“முன்ன பொன்னேரில வாடகைக்கு ஒரு ஊடு புடிச்சி அட்வான்ஸ் குடுத்தேன் சார். எங்க மாமியாரு இங்க கேட்டாண்ட வந்து உக்காந்துகினு அழுதாங்க. ஷிப்ட் உடற நேரம். ‘எம்புள்ள போனதும் எங்கள உட்டுட்டுப் போறாளே’ன்னு. கொழுந்தன் அட்வான்ஸத் திருப்பி வாங்கிகினு வந்துட்டான். இந்த தபாவும் அப்பிடி ஆச்சுன்னா எம்பொண்ணுக்கு ஊடே இல்ல சார்.”

பத்திரச் செலவுக்கு வரிச் சலுகை உண்டு. கோப்பில் காட்டினால் கொழுந்தனார் பார்த்துவிடுவார். காட்டாவிட்டால் மார்ச் சம்பளத்தில் வரி பிடிப்போம். பிறகு ரீஃபண்டு கேட்கலாம். அது வரும், பெண்ணின் கல்யாணத்துக்குள். ஆனால் அவருக்குப் பணம் மார்ச்சிலேயே தேவைப்பட்டது.

“பூட்டு போட்டு வைங்கள்,” என்றேன்.

“பாஸ்வேர்டு போட்டுட்டேன் சார். டோக்கன் நம்பரு.”

அவர் கையில் மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. அதன் நெற்றியில் கறுப்புப் பெயின்டில், உள்ளங்கை அகலத்துக்கு, அதே டோக்கன் நம்பர். வருகைக்கும் லாக்கருக்கும் கேன்டீனுக்கும் அந்த நம்பர்தான் என்பதால், எங்கே நம்பர் கேட்டாலும் எங்கள் ஆட்களுக்கு வேறொன்று தோன்றாது. நான் ஹெல்மெட்டைப் பார்த்தேன். அவரும் குனிந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேறு வார்த்தை போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் கொழுந்தனார் என்னிடம் வந்தார்.

“சார், எங்க அண்ணி ஃபைலு மட்டும் தொறக்க மாட்டேங்குது. வைரஸ் கீது போல.”

“அது உங்களுக்கு எதற்கு?”

“சும்மா சார். நாம இன்னா போட்டுக்கறோம், அவங்க இன்னா போட்டுக்கறாங்கன்னு ஒத்துப் பாக்கத்தான்.”

மதியத்துக்குள் கம்ப்யூட்டரைச் சுற்றிச் சின்னக் கூட்டம். “பொண்ணு பேரு போட்டுப் பாருடா.” “சாமி பேரு போடு, லேடீஸ் அதான் போடுவாங்கோ.” ஸ்டோர்ஸ் கவுன்டரில் அந்தப் பெண்மணி போல்ட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா வீடும் திறந்து கிடக்கும் தெருவில் ஒரு வீட்டை மட்டும் பூட்டினால், போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்தப் பூட்டைத்தான் ஆட்டிப் பார்ப்பார்கள்.

நேராக மேலாளரிடம் போனேன். “உங்கள் வாடகை அந்த இடத்துக்குக் குறைச்சல் என்று கேன்டீனில் அபிப்பிராயப்படுகிறார்கள்,” என்றேன். நான் எழுதிக்கொண்டு போன சுற்றறிக்கையை அவர் முழுதாகப் படிக்கவில்லை. கையெழுத்து மட்டும் அழுத்தமாக விழுந்தது. எல்லோரும் தங்கள் வரிக் கோப்பை அன்றே பூட்ட வேண்டும். டோக்கன் நம்பர் செல்லாது. பிறர் கோப்பைத் திறக்க முயல்வது ஆலை விதிகளான நிலையாணைப்படி ஒழுங்கீனம். நிலையாணையில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே கிடையாது. அனுமதியின்றி ஆவணங்களைப் பார்ப்பது பற்றி ஒரு பிரிவு இருந்தது. அதன் எண்ணைக் குறிப்பிட்டேன். நிலையாணையை எடுத்துச் சரிபார்த்தவர் யாரும் இல்லை.

அந்த வாரம் அலுவலகமே பேஜாராகிவிட்டது. பாதிப் பேருக்குத் தங்கள் பாஸ்வேர்டு நினைவில்லை. கொழுந்தனாரும் வந்தார்.

“சார், என்து எனுக்கே மறந்துபோச்சு.”

“புதிதாக அடித்துக் கொடுங்கள்.”

அடித்தார். நான் பக்கத்தில் நிற்கவே, உடம்பைத் திருப்பித் திரையை மறைத்துக்கொண்டார். அங்கே என்ன ரகசியமோ! எனக்கு நிம்மதியாக இருந்தது. தன் கோப்பைக் காப்பதில் மும்முரமானவர்கள் பிறர் கோப்பை மறந்துவிட்டார்கள்.

மார்ச்சில் அந்தப் பெண்மணி ஒருநாள் லீவு போட்டார். மறுநாள் ஒரு கிலோ மைசூர்பாகோடு வந்தவர், முதல் துண்டைக் கொழுந்தனார் கையில் வைத்து, தாமே விஷயத்தைச் சொல்லிவிட்டார். கொழுந்தனார் இனிப்பை அப்படியே பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியும்.”

“ஒரு வார்த்த சொல்லல.”

“உங்கள் கோப்பைப் பற்றியும் நான் யாரிடமும் சொன்னதில்லை.”

இனிப்பை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். சில நாள் அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட் வாசலை நான் தினமும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன். மாமியார் வரவில்லை. பத்திரம் பதிவான பின் அழுது பயனில்லை என்று அந்த அம்மாளுக்கும் தெரிந்திருக்கலாம்.

பள்ளி விடுமுறையில் குடிபோனார்கள். வண்டிக்கு அலைந்துகொண்டிருந்த அந்தப் பெண்மணியிடம் கொழுந்தனார் வெடுக்கென்று சொன்னது என் காதில் விழுந்தது.

“இன்னாத்துக்கு அண்ணி வெளி வண்டி? டபுள் டப்பு கேப்பான். நம்ம சரக்கு எறக்கிட்டுக் காலியா திரும்பற லாரி ஒண்ணு சொல்லி வெச்சிக்கீறேன். பீரோவ நான் புடிச்சிக்கறேன்.”

லாரியின் முன்சீட்டில் மாமியாரும் ஏறிக்கொண்டாராம். வீட்டுக்குள் போனதும் சமையலறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு, “உப்புத் தண்ணி” என்றாராம். திங்கட்கிழமை அந்தப் பெண்மணி இரண்டு ரயில் மாறித் தாமதமாக வந்து சேர்ந்தபோது என்னிடம் இதைச் சொன்னார்.

“அப்புறம்?”

“ரெண்டு நாளா அங்கதான் சார் கீறாங்க. போறேன்னே சொல்ல மாட்டேங்கறாங்க.”