ஊதா நிறத்தில் ஒரு வளைகாப்பு

என் கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால், அதே கல்யாணம் இன்னொருத்திக்கு நடந்து முடிந்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும்தான் வேறு. மேடை, பூ, புடவை, ரவிக்கை, குடிக்கக் கொடுத்த சர்பத் எல்லாம் என்னுடையது. செய்து கொடுத்தவள் என் தோழி.

கிழக்குத் தாம்பரத்தில் கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். படிப்பு முடிந்ததும் நான் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். அவள் கல்யாண அலங்காரத் தொழிலில் இறங்கினாள். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், வாடகைக்கு எடுத்த ஒரு வேன், மேடவாக்கத்தில் ஒரு சின்ன ஆபீஸ். நன்றாக உழைத்தாள், அதை மறுக்க மாட்டேன். புதுசாக யோசிக்க மட்டும் அவளுக்கு வராது. கல்லூரி விழாக்களில் கோலத்துக்குக்கூட என்னிடம்தான் கேட்பாள்.

எனக்கு நிச்சயம் ஆனதும் மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "சொல்லுடி, என்னல்லாம் யோசிச்சு வச்சிருக்க?" என்றாள். எனக்குச் சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷம். எத்தனையோ வருஷமாக மனசுக்குள் கட்டி வைத்திருந்த கல்யாணத்தை எடுத்து அவள் முன்னால் பரப்பினேன்.

ரோஜா வேண்டாம், ஆர்க்கிட் வேண்டாம். மேடையின் பின்சுவர் முழுக்கத் தென்னங்குருத்தில் பின்னிய கிளிகள், நடுநடுவே வெள்ளைச் சம்பங்கிச் சரம், காலடியில் இதழ் மடித்த தாமரை மொட்டு. பழுத்த மாம்பழ நிறத்தில் கத்தரிப்பூக் கரை போட்ட புடவை. ரவிக்கையின் முதுகில் பெரிதாக ஒரே ஒரு நாகலிங்கப் பூ, ஆரி வேலையில். வாசலில் ரோஸ் மில்க்குக்குப் பதிலாகப் பார் மாதிரி ஒரு கவுண்டர்; நன்னாரி சர்பத்தில் நுங்கு போட்டு, சோடா ஊற்றி, கிளாஸ் விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய காக்டெயில், மது மட்டும் கிடையாது. கடைசியில் இரண்டு குட்டி அதிரசத்துக்கு நடுவே இளநீர் ஐஸ்கிரீம்.

"ஐயோ, சூப்பர்டி! படமெல்லாம் எனக்கு அனுப்பு. பாத்துட்டு எங்க பூ வாங்கலாம், எவ்ளோ ஆகும்னு சொல்றேன்."

அனுப்பினேன். ரவிக்கைக்கு நானே வரைந்த படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

என் கல்யாணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்து டீச்சர் போனை நீட்டினாள். "மிஸ், இதைப் பாருங்க, எவ்ளோ அழகா பண்ணிருக்காங்க!" கடற்கரை ரிசார்ட் ஒன்றில் யாரோ பணக்கார வீட்டுக் கல்யாணம். குருத்துக் கிளிகள் காற்றில் ஆடின. மணப்பெண் திரும்பினாள், முதுகில் என் நாகலிங்கப் பூ. கீழே என் தோழியுடைய பக்கத்தின் பெயர். அந்த வீடியோவை அதற்குள் ஊரே பார்த்திருந்தது.

அவளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அப்புறம் மெசேஜ் வந்தது: "பயங்கர பிஸிடி. உன் கல்யாணத்துல மீட் பண்றேன், லவ் யூ."

புடவை தறியிலிருந்து வந்துவிட்டது. ரவிக்கை தைத்தாயிற்று. பூவுக்கும் கிளி பின்னுகிறவர்களுக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. மாற்ற நேரமில்லை, அப்பாவிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு வாயும் இல்லை. அதே கல்யாணத்தைத்தான் செய்துகொண்டேன். வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், "ரீல்ஸ்ல பாத்த மாதிரியே இருக்கு!" என்று. என் கணவரின் பெரியம்மா மேடைக்கு அருகிலேயே நின்றுகொண்டு, என் காதில் விழும்படி, "காப்பிதான் அடிச்சிருக்காங்க. ஆனா நல்லாத்தான் அடிச்சிருக்காங்க" என்றார்.

அவளும் வந்தாள். பரிசுப் பையோடு மேடை ஏறி, போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே என் காதில் சொன்னாள்: "பாத்தியா, உன் ஐடியா எவ்ளோ ஹிட்டுன்னு! நான்தான் டெஸ்ட் பண்ணி குடுத்திருக்கேன்."

நானும் போட்டோவுக்குச் சிரித்தேன். அந்த நிமிஷம் என் பற்கள் ஒன்றோடொன்று உரசிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவள் அழுதிருப்பாள், நான் மன்னித்திருப்பேன், எங்கள் இருவருக்கும் அது பழக்கம்தான். நான் சண்டை போடவில்லை. பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினேன். அவள் போடும் படங்களுக்கெல்லாம் தவறாமல் இதயம் போட்டேன். கணவரோடு மேடவாக்கத்து ஃபிளாட்டுக்குக் குடிவந்த பிறகு, ஒவ்வொரு இதயத்தையும் தண்ணீர் லாரிக்குக் காத்துக்கொண்டு பால்கனியில் நிற்கும்போது போடுவேன். போட மனசே வராது. ஆனாலும் போடுவேன்.

அடுத்த வருஷம் கார்த்திகை மாதம் அவளே வீட்டுக்கு வந்தாள். எனக்கு அப்போது ஐந்து மாதம்.

"எனக்குக் கல்யாணம்டி! தை கடைசி முகூர்த்தம்" என்று கட்டிக்கொண்டாள். காபி போட்டுக் கொடுத்தேன். என் கணவர் முறுக்குத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"என் கல்யாணத்துக்கு நானே யோசிச்சிருக்கேன்டி. முதல் தடவையா, முழுக்க என்னோடது. டீம்கிட்டகூட இன்னும் சொல்லல. இந்த ஃபீல்டுல எல்லாம் திருட்டுப் பசங்க."

என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. "சொல்லுடி" என்றேன்.

சொன்னாள். உண்மையாகவே அழகாக இருந்தது, அதுதான் எனக்கு ஆச்சரியம். மேடை முழுக்க டிசம்பர் பூ. மார்கழி, தையில் தெருத்தெருவாகப் பூக்கும் அந்த ஊதாப் பூவை யாரும் கல்யாணத்துக்கு வைப்பதில்லை, வாசனை கிடையாது என்பதால். அதைக் கனமாகக் கட்டி, வெள்ளைத் துணியில் பந்தல் மாதிரி தொங்கவிட வேண்டும். இளம் ஊதாப் பட்டில் வெள்ளிச் சரிகை. தங்கமே இல்லாமல் வெள்ளி நகை. சங்குப்பூவை வெந்நீரில் போட்டு எடுத்த நீலச் சாற்றில் சோடா; விருந்தாளியின் கண் முன்னாலேயே எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறும். இனிப்புக்குக் கருப்புக் கவுனி அரிசி.

"கவுனிய பாயசமா வைக்கப் போறியா, அல்வாவா?" என்று கேட்டேன்.

"அல்வா. குட்டிக் கிண்ணத்துல, மேல தேங்காய்ப்பால் க்ரீம்."

"ரவிக்கை?"

"கைல மட்டும் டிசம்பர் பூ வேலை. முதுகு பிளெய்ன்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். அவளை லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்தபோது கணவர் தட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "என்ன யோசிக்கிற?" என்றார்.

"என் வளைகாப்பை."

அவர் மென்மையான மனிதர். தட்டைத் திரும்பவும் மேஜையில் வைத்தார். "அவ அழுவாம்மா" என்றார்.

"அழட்டும்."

தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் வளைகாப்பு வைத்தோம், மாடம்பாக்கம் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஹாலில். அம்மாதான் தலையில் கை வைத்துக்கொண்டாள். "வளைகாப்புக்கு யாராவது இந்தக் கலர்ல புடவை கட்டுவாங்களாடி? பச்சையோ சிவப்போ கட்டு. வெள்ளி நகை வேற! பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"எனக்கு ஆசையா இருக்கும்மா" என்றேன். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டால் வீட்டில் யாரும் மறுப்பதில்லை. அந்த வார்த்தையை அந்த மாதம் முழுக்கக் கூசாமல் பயன்படுத்தினேன்.

தாம்பரம் மார்க்கெட்டில் பூக்கார அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள். "இன்னாம்மா, விசேஷத்துக்குப் போய் டிசம்பர் பூ கேக்குற? வாசனையே கீதா அதுல? மல்லி வாங்கினு போ."

"எனக்கு இதுதான் வேணும்க்கா. எவ்ளோ கிடைக்குதோ அவ்ளோ."

"சொல்றேன் கேளு, மத்தியானத்துக்குள்ள வாடிப்பூடும்."

"மத்தியானம் வரைக்கும் இருந்தா போதும்."

அவளைக் கூப்பிட நேரில் போனேன். குங்குமம் கொடுத்து, "நீ வரலன்னா பேசவே மாட்டேன்" என்றேன். நல்ல போட்டோக்காரராகப் பார்த்து ஏற்பாடு செய்தேன். எடுத்த கையோடு ரீல்ஸ் போட வேண்டும் என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

அன்று காலை நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் ஊதாப் பந்தல். பக்கத்தில் உறவுக்காரப் பெண்கள் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்கள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வந்து கன்னத்தில் சந்தனம் பூசினார்கள், யார் வளையல் போட்டார்கள் என்று எதுவும் மனதில் பதியவில்லை.

அவள் வந்தாள். சிரித்துக்கொண்டேதான் உள்ளே நுழைந்தாள். கவுண்டரில் நின்ற பெண் நீல கிளாஸை நீட்டி, அவள் எதிரிலேயே எலுமிச்சையைப் பிழிந்தாள். நிறம் மாறியது. சுற்றி நின்றவர்கள் "அட!" என்றார்கள். என் தோழி கிளாஸைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள், பந்தலை. பிறகு என்னை. என் புடவையை, கழுத்தை, கையை, ஒவ்வொன்றாக.

திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. வரிசையில் நின்றாள். முறை வந்ததும் என் முன்னால் குனிந்து சந்தனத்தைத் தொட்டாள். வளையலை எடுத்து என் கையில் மாட்டப் பார்த்தாள். என் விரல் முட்டியைத் தாண்டி அது ஏறவில்லை.

"ஏன்டி?" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

போட்டோக்காரர் "இங்க பாருங்க" என்றார். நான் சிரித்தபடி அவள் காதில் சொன்னேன்: "பாத்தியா, உன் ஐடியா எவ்ளோ ஹிட்டுன்னு."

வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். கவுனி அல்வாவைச் சாப்பிடவில்லை. அன்று மத்தியானம், பூக்கார அக்கா சொன்னபடி பந்தல் வாடித் தொங்கியபோது, நான் இரண்டு கிண்ணம் அல்வா சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக அதற்கு முன்னும் பின்னும் எதையும் சாப்பிட்டதில்லை.

தை கடைசியில் அவள் கல்யாணத்துக்கும் போனேன்; பத்திரிகை முன்பே கொடுத்திருந்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டாம் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். பார்க்காமல் இருக்க முடியாது எனக்கு. அவள் எல்லாவற்றையும் மாற்றியிருந்தாள். மண்டபத்தில் எப்போதும் வைக்கிற சிவப்பு வெல்வெட் நாற்காலி, பிளாஸ்டிக் ரோஜா வளைவு, வாசலில் ரோஸ் மில்க். பக்கத்துப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "டெக்கரேஷன் பண்ற பொண்ணு கல்யாணம்னாங்க, இவ்ளோதானா?" என்றாள். அதைக் கேட்கத்தான் நான் மாடம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

ஆனால் மேடையில் அவள் மாப்பிள்ளை சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அரக்குப் புடவை அவளுக்கு ஊதாவைவிட நன்றாகவே இருந்தது. என் கல்யாணப் படம் எதிலும் நான் அப்படிச் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. மேடை ஏறாமல் பரிசைக் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பினேன்.

மகள் பிறந்து சில மாதம் கழித்து அவளுடைய பக்கத்தில் புதுசாக ஒன்று போட்டிருந்தாள்: "டிசம்பர் பூ அலங்காரம், எங்களிடம் மட்டும்." கூடவே என் வளைகாப்புப் படங்கள். என் பந்தல், என் கவுண்டர், நீல கிளாஸ். என் முகம் தெரியாமல் வெட்டியிருந்தாள். ஆர்டர் குவிகிறது என்று கீழே வந்த கேள்விகளைப் பார்த்தாலே தெரிந்தது. கணவரிடம் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கேஸ் போட முடியாதும்மா, யோசிச்சது அவதானே" என்றார். அவரோடு அன்று முழுக்க நான் பேசவில்லை.

எங்களுக்குள் இன்றுவரை பேச்சு இல்லை. ஒருநாள் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பார்த்தோம். அவள் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனாள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு பூக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் போட்ட படங்களில் ஒன்றில் வாசலோரம் கொஞ்சம் காலியாகத் தெரியும். அங்கே நின்ற தன்னையே அவள் வெட்டி எடுத்துவிட்டாள். வெட்டாத படம் என் போனில் இருக்கிறது. கையில் ஊதா கிளாஸ், மேலே பார்க்கும் கண்கள், பாதி திறந்த வாய். மகள் பால் குடித்துத் தூங்கும்போது சில சமயம் எடுத்துப் பார்ப்பேன். இன்னும் அழிக்கவில்லை.