அண்ணன் பார்க்காத இடம்

செத்துப்போன அண்ணன் மேல் பொறாமைப்படுவதில் ஒரு வசதி உண்டு. அவன் திருப்பி அடிக்க மாட்டான். மற்றபடி எல்லாமே கஷ்டம்தான். உயிரோடு இருக்கிற அண்ணன் பரீட்சையில் கோட்டை விடுவான், அப்பாவிடம் பெல்ட்டால் வாங்குவான், எவளையாவது இழுத்துக்கொண்டு வந்து நிற்பான். என் அண்ணன் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. பதினோரு வயதில் நல்ல பிள்ளையாகவே படத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்போது எங்களுக்குத் தொழிலாளர் லயத்தில் ஒரு வீடு. பள்ளி விடுமுறையில் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டைக்குக் குளிக்கப் போன மூன்று பையன்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். எனக்கு எட்டு வயது. இரண்டு வருஷத்தில் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றுவிட்டார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்து சிலிபினில் ஒரு பலகை வீட்டில் குடியேறினோம். அப்பாவுக்குச் சாலை போடும் வேலை, அம்மாவுக்குப் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. அண்ணனைப் பற்றி அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவன் எங்கள் வீட்டில் வளர்ந்துகொண்டே இருந்தான்.

நிஜமாகவே வளர்ந்தான். தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படையல் போட்டு, புதுத்துணி வைத்துக் கும்பிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் அவனுக்கு வாங்கும் சட்டை வருஷா வருஷம் ஒரு சைஸ் பெரிதானது. கடைக்காரரிடம் அம்மா கூச்சமே இல்லாமல் "பதிமூணு வயசுப் பையனுக்குக் காட்டுங்கண்ணே" என்பாள். அடுத்த வருஷம் பதினாலு. பதினைந்தாவது வயதில் அவனுக்கு நீளக் காற்சட்டை வந்தது. துணியைத் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடையிலேயே ஒசத்தியானதைத்தான் எடுப்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இவளுக்கு ஏதாச்சும் ஒன்னு குடுங்க" என்பாள். அந்த ஏதாச்சும் ஒன்றைப் போட்டுக்கொண்டு எத்தனை தீபாவளி கொண்டாடியிருக்கிறேன் தெரியுமா? படையல் முடிந்ததும் அவன் சட்டை பாச்சை உருண்டையோடு டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். மற்ற வீடுகளில் படையல் துணியை யாராவது எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அதைத் தொட ஆளில்லை. ஒருமுறை நான் தொட்டதற்கு முதுகில் விழுந்தது.

பள்ளிப் படிப்பு முடியும் ஐந்தாம் படிவப் பரீட்சையில் எங்கள் பள்ளியிலேயே நான்தான் முதல். ஓடி வந்து சொன்னேன். அம்மா நேரே கூடத்துக்குப் போய், அவன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, "பெரிய பரீட்ச! இவன் இருந்திருந்தா இவ பக்கத்துல நிக்க முடியுமா?" என்றாள். சத்தமாகச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கு நான் அவனை எவ்வளவு வெறுத்தேன் என்றால், படத்திலிருந்த விபூதியை அழிக்கலாமா என்று கை பரபரத்தது.

எனக்குத் தலை வாரிவிடுவதுகூட வீட்டின் பின்புறம்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், துணி துவைக்கிற கல்லில் உட்கார வைத்து எண்ணெய் வைப்பாள். மழை பெய்தாலும் அங்கேதான், தகரக் கூரையிலிருந்து தூறல் அடிக்கும். மற்ற பெண்களுக்கு அவரவர் வாசலில் அம்மா பூ வைத்து அழகு பார்க்கும்போது, என்னை மட்டும் கழுவிக் கவிழ்க்க வேண்டிய பாத்திரம் மாதிரி பின்னால் கொண்டுபோகிறாளே என்று எரிச்சலாக இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, ஒரு வேலை கிடைத்தது. கோலாலம்பூர் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண்மணி ஆராய்ச்சிக்காக வந்திருந்தார். வீட்டில் ஒரு சாவு விழுந்தபின் அந்தக் குடும்பத்தார் மனசு என்ன ஆகிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் ஆராய்ச்சி. ஈப்போவில் பிறந்த சிலோன்காரர். பெரிய உத்தியோகத்திலிருந்த அப்பா, வெளிநாட்டுப் படிப்பு, சொந்தக் கார், கஞ்சி போட்ட பருத்திச் சேலை. நான் அவரை மிஸ் என்று கூப்பிடுவேன். வீட்டில் ஆங்கிலத்திலேயே வளர்ந்ததால் அவருடைய தமிழ் "இருங்கோ", "சாப்பிட்டனீங்களோ" என்ற அளவிலேயே நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் பேசுவது அவருக்கு விளங்காது. அவர் கேட்பதைத் தமிழிலும் அவர்கள் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.

காம்பார், பீடோர் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போனோம். மனசு என்று வாயைத் திறந்தாலே ஜனங்கள் மிரண்டார்கள். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிருவாங்களா?" என்று என் காதோடு கேட்பார்கள். பைத்திய ஆஸ்பத்திரி இருந்த ஊர் அது. அதனால் எதைக் கேட்டாலும் முதலில் "ஒன்னும் இல்ல, நல்லாத்தான் இருக்கோம்" என்பதுதான் பதில். கேள்வித்தாளோடு வருகிறவர்களிடம் தோட்டத்து ஜனங்கள் வேறு எதையும் சொல்லிப் பழகியதில்லை.

பதினேழாவது கேள்வி வரும்போது மட்டும் எல்லாம் உடைந்துவிடும். அந்தக் கேள்வித்தாளைத் தமிழில் எழுதியது நான்தான். "மிச்சமிருக்கும் பிள்ளையிடம் நீங்கள் நடந்துகொள்ளும் விதம் மாறியிருக்கிறதா?" காம்பார் பக்கம் லாரி மோதி மகனைப் பறிகொடுத்த ஓர் அக்கா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைக் காட்டி, "இவ கக்கூசுக்குப் போனாலும் பின்னாலயே போவேன்லா. தூங்குறப்ப மூக்குல வெரல வச்சுப் பாப்பேன்" என்று அழுதாள். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான். அம்மாவின் மடியில் கையை வைத்துக்கொண்டு, இதெல்லாம் ஒரு தொல்லை என்பது போல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. "மகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்" என்று மிஸ்ஸிடம் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டேன். நிபந்தனையை மீறியது அதுதான் முதல் தடவை.

அதன்பின் எந்த வீட்டுக்குப் போனாலும் பதினேழாவது கேள்வியை என் அம்மாவிடம் கேட்டால் என்ன சொல்வாள் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நானாகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் வீட்டிலும் ஒரு சாவு உண்டு என்று கடைசியில் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம், "என் வேலைக்கு வேணும்மா" என்றேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மிஸ் வந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். கூடத்தில் அண்ணன் படத்துக்கு நேர் கீழே அம்மா பாயில் உட்கார்ந்தாள். தூக்கம் வருதா, பசி எடுக்குதா, நெஞ்சு படபடக்குதா? எல்லாவற்றுக்கும் "ஒன்னும் இல்ல." பதினாறு கேள்விகளையும் தட்டிக் கழித்துவிட்டாள். பதினேழாவதைக் கேட்டேன்.

அம்மா நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, "அந்தம்மாவப் பின்னால வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, சமையலறையைத் தாண்டி நடந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், துவைக்கிற கல்லோரம் போய் நின்றாள். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம். சமையலறைக் கதவைச் சாத்தச் சொன்னாள். என்னைப் பார்க்கவே இல்லை. மிஸ்ஸைப் பார்த்து, மூச்சுவிடாமல், ரகசியமாகப் பேசினாள்.

"அவன் சின்னதுலேர்ந்தே பொறாமக்காரன்மா. இவளுக்கு ஒரு வாய் ஊட்டுனா சோத்து மங்கத் தூக்கி எறிவான். தண்ணியில போனவன் தொணைக்கு ஆள் தேடுவான்னு தோட்டத்துப் பூசாரி சொல்லிட்டாரு. யாரத் தேடுவான்? இவளத்தான். அதான் அவன் காதுல விழுற மாதிரி இவளத் திட்டுவேன். இவளுக்கு மட்டமா எடுத்து அவனுக்கு ஒசத்தியா எடுப்பேன். எண்ணெ வச்சுத் தல வாரணும்னாகூட இங்க கூட்டியாந்துருவேன், இங்க அவன் கண்ணுல படாது. பரீட்சயில மொதலா வந்தா, ஒரு முத்தம் குடுக்க முடியல. குடுத்திருந்தா கூப்பிட்டிருப்பான்மா. என்கிட்ட இருக்குறது இவ ஒருத்திதான்."

இத்தனை வருஷம் நான் பொறாமைப்பட்டது ஒரு நாடகத்தைப் பார்த்து. படத்துக்குள் இருந்தவனுக்காக அம்மா பத்து வருஷத்துக்கு மேலாக நடித்துக்கொண்டிருந்தாள், கூடவே இருந்த நான் அதை நிஜமென்று நம்பிவிட்டேன். அழுகை வந்தது. அதோடு கோபமும் வந்தது, ஏன் மறைக்க வேண்டும்? எனக்கென்று இருந்த ஒன்றை, என் அம்மா என்னிடம் சொல்லாமல் கார் வைத்திருக்கும் ஒரு சிலோன்காரரிடம் சொல்லிவிட்டாள். பக்கத்தில் நான் பேச்சு ஓடும் குழாய் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

மிஸ் பேனாவோடு என்னைப் பார்த்தார். "அம்மா என்ன சொன்னார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

காம்பார் அக்காவின் கண்ணீரை ஒரே வரியிலாவது அவருக்குக் கொடுத்திருந்தேன். எத்தனையோ வீட்டு அம்மாக்களை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். இதை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை.

"ஒன்றும் மாறவில்லையாம், மிஸ்" என்றேன்.

இவ்வளவு நேரம் பேசியது இவ்வளவுதானா என்பது போல் அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு கேள்வித்தாளில் "மாற்றம் இல்லை" என்ற கட்டத்தில் கோடு போட்டார். அந்த ஆராய்ச்சியில் எங்கள் வீட்டைப் பற்றி இருப்பது பொய். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் அம்மா சமையலறைக்குள் போய் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். கிட்டே போகலாமா என்று நினைத்தேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது, அங்கிருந்து பார்த்தால் அவன் படம் மாட்டிய கூடத்துச் சுவர் தெரியும். கூடத்துக்குப் போய் அவன் படத்துக்கு முன்னால் நின்றேன். அம்மாவுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"அண்ணே, அம்மாவுக்கு எப்பவும் உன்னத்தான் ரொம்பப் புடிக்கும். என்னைக் கண்டாலே ஆகாது."

உள்ளே வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. பின்பக்கத்துத் துவைக்கிற கல்லோரத்திலிருந்து அம்மா அதட்டலாகக் கூப்பிட்டாள்.

"ஏய் மூதேவி, சீப்ப எடுத்துக்கிட்டு இங்க வா."