ஏச்சில் கிடைத்த எண்கள்

ஆற்றுத் தண்ணீர் எங்கே, எப்போது, எவ்வளவு கெட்டது என்று கணினியில் கணக்குப்போட்டுக் காட்டுவது என் வேலை. அந்தக் கணக்குக்குப் பழைய அளவுகள் வேண்டும். எங்கள் ஊருக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை. அளவு இல்லாத ஊரைச் சீரமைப்புப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று கூட்டத்தில் அதிகாரிகள் கைவிரித்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்துக் கிணறு அந்த ஊரில்தான் இருக்கிறது.

ஊருக்கு மேற்கே சாயப்பட்டறை வைத்திருப்பவரிடம் போய்க் கேட்டேன். தண்ணீரைச் சோதிக்காமல் எந்தப் பட்டறையிலும் துணிக்குச் சாயம் ஏற்ற மாட்டார்கள்; அவரிடம் இல்லாமலா இருக்கும்? அவர் சிரித்தபடி என் கையிலிருந்த எங்கள் கிணற்றுத் தண்ணீர் மாதிரிப் பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி, ரோஜாத் தொட்டியில் ஊற்றினார்.

"ரெக்கார்டெல்லாம் இல்லீங்க அம்மிணி. தண்ணி நல்லாருக்குதுன்னு எழுதிக்கங்க."

வாசல் கேட் வரை வந்து மரியாதையாக வழியனுப்பவும் செய்தார். அந்த மரியாதைதான் வயிற்றெரிச்சலாக இருந்தது. இந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று வண்டியைக் கிளப்பும்போதே முடிவு செய்துவிட்டேன்.

வழி முதலிபாளையத்தில் கிடைத்தது. பட்டறைகளுக்கு லாரித் தண்ணீர் விற்கும் தெற்கத்தி அக்கா ஒருவர் அங்கே இருக்கிறார். எந்தக் கிணற்றில் எப்போது எடுத்தீர்கள் என்று கேட்கப் போயிருந்தேன்.

"எழுதி வச்சதுன்னு ஒண்ணும் இல்லம்மா. இந்தாளு ஏசுனது மட்டும் கெடக்கு" என்று செல்போனை நீட்டினார்.

வாட்ஸப்பில் அதே பட்டறைக்காரரின் குரல், வருஷக்கணக்காக, தேதியோடு. அக்கா எங்கள் ஊர்த் தண்ணீரைக் கொண்டுபோனபோதெல்லாம் அவர் அதில் மீட்டரை விட்டுப் பார்த்து, உப்பு எவ்வளவு என்று எண்ணைச் சொல்லிச் சொல்லித் திட்டியிருக்கிறார்.

"ஏனுங்க, இது தண்ணிங்களா? இதுல பனியனை நனைச்சா கலர் நிக்குமுங்களா? மாடுகூடக் குடிக்காதுங்க!"

எங்கள் மாடுகள் அதைத்தான் குடிக்கின்றன.

"ஏன் அழிக்காம வச்சிருக்கீங்க?" என்றேன்.

"என்னைக்காவது இவரு மூஞ்சில வீசலாம்னுதான். நீ எடுத்துட்டுப் போ. யாவாரம் போனாப் போவுது."

அக்காவை அங்கேயே கட்டிக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? அக்கா அடுத்து அவருக்குக் கொண்டுபோன ஒரு லோடை எங்கள் ஆய்வகத்திலும் சோதித்தேன். அதற்குப் பட்டறைக்காரர் சொல்லியிருந்த எண் சரியாகவே இருந்தது. மனுஷன் பொய் சொல்லாத இடம் அது ஒன்றுதான்.

அடுத்த கூட்டத்தில் பட்டறைக்காரர் முன்வரிசையில் இருந்தார். "அந்தப் பக்கம் தண்ணிக்கு ஒரு கொறையுமில்லீங்க" என்று எழுந்து சொல்லிவிட்டு அவர் உட்காரும்வரை காத்திருந்தேன். பிறகு செல்போனை மைக்கில் வைத்து அழுத்தினேன். அரங்கம் முழுக்க அவருடைய குரல் கத்தியது.

"இது நீங்கதானே?" என்றார் அதிகாரி.

பட்டறைக்காரருக்குச் சட்டையெல்லாம் வேர்வை. "தண்ணி மோசம்னுதானுங்க சொல்லியிருக்கறேன்" என்றார்.

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்" என்றேன்.

எங்கள் ஊர் பட்டியலில் ஏறியது. வீட்டுக்கு வந்து அந்தக் குரலை மறுபடி மறுபடி ஓடவிட்டேன்.

"போதுங் கண்ணு, அந்தாளு கத்தறதை எத்தனை தடவைதான் கேப்ப?" என்றாள் அம்மா.

எனக்குப் போதவில்லை.