அண்ணையின் வயிறு அனுப்பும் செய்திகள்

இடுப்பில் கட்டும் சாரத்துக்கு அளவு கிடையாது. அதுதான் அதன் தயவு, அதுதான் அதன் வஞ்சகம். காற்சட்டை என்றால் பொத்தான் மறுக்கும், தையல் பிரியும். சாரம் எதையும் காட்டிக்கொடுக்காது. வயிறு முன்னால் வர வர, கட்டு மெல்லக் கீழே இறங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். குருநகரில் சொந்தப் படகில் மீன்பிடிக்கப் போகும் சம்மாட்டியான என் அண்ணையை அது எத்தனை வருடமாக ஏமாற்றி வந்ததோ!

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. கூட்டாளிகளோடு பகிடி விடத்தான் அண்ணை உள்ளே வந்தார். கையும் காலும் கயிறாய் முறுகிய ஆள். இடுப்பளவு எடுக்க வந்த தாதியிடம் நாடாவைப் பறித்து, சாரம் கட்டியிருந்த இடத்தில், தொப்பைக்குக் கீழே, தானே சுற்றிக்கொண்டார்.

"பாருங்கோ மிஸ், கலியாணத்துக்கு இருந்த அதே அளவு."

"அது எலும்பு ஐயா. எலும்பு எங்கை கொழுக்கிறது? மேலை வாங்கோ, தொப்புளடிக்கு."

நாடா மேலே ஏறியது. அளவும் ஏறியது. வரிசையில் நின்றவர்கள் சும்மா விடுவார்களா?

"என்ன சம்மாட்டியார், ஒரு வலையை உள்ளுக்கை சுருட்டி வைச்சிருக்கிறியளோ?"

"அடேய், அது காத்தடா!" என்றார் அண்ணை.

தாதி மட்டும் சிரிக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் இரத்தத்தில் சீனியும் இதயமும் பார்க்கச் சொல்லி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். அண்ணை அதை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் போட்டார். அது அங்கேயே கிடந்து சலவைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அதற்கு இரண்டு கிழமைக்கு முன், படகை மணலில் ஏற்றும்போது அண்ணை பாதியில் நின்று நெஞ்சைப் பிடித்ததை நான் கண்டிருந்தேன். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றார். காரணம் கேட்கத் தேவையிருக்கவில்லை. கடலுக்குப் போகாதே என்று ஒரு டொக்டர் சொல்லிவிட்டால், அண்ணைக்குக் கரையில் செய்ய எதுவுமில்லை.

ஒன்றை அறியத் தொடங்கினால் எனக்கு இருப்புக்கொள்ளாது. தெரிந்த டொக்டர் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். தொலைபேசியில் கண் கடுக்க வாசித்தேன். கொழுப்பை நான் ஒரு மூட்டை என்றே நினைத்திருந்தேன், மூலையில் சாத்தி வைத்த அரிசி மூட்டை. இல்லையாம். அது ஒரு சுரப்பி. ஓய்வில்லாமல் இரத்தத்தில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. லெப்டின் என்ற ஓமோன் மூளைக்குப் போய், இங்கே இருப்பு உண்டு, போதும் என்கிறது. அடிப்போனெக்டின் என்ற இன்னொன்று இன்சுலினுக்கு வழிவிட்டு, இரத்தக்குழாய்ச் சுவரைத் தடவிக் காக்கிறது. குடலைச் சுற்றிக் கொழுப்பு பெருகப் பெருக, தடவும் கை தளர்கிறது. அழற்சியை மூட்டும் செய்திகள் கூடுகின்றன. அங்கேயிருந்து ஒரு வழி நீரிழிவுக்கும் ஒரு வழி மாரடைப்புக்கும் போகிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கைகால் மெலிந்திருக்கவே வயிற்றில் கொழுப்பு நிரம்பிவிடுமாம். "எல்லாருக்கும் இப்படியில்லை. எங்களுக்கே இன்னும் முழுக்க விளங்கேல்லை" என்றும் டொக்டர் சொன்னார். அந்தப் பேச்சுத்தான் எனக்கு ஆகப் பிடித்தது.

அடுத்த நாள் காலை அண்ணை படகில் இயந்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். விளிம்பைப் பிடித்து நின்று, எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கொழுப்பு சேதி அனுப்புதோ? உனக்கு எல்லாம் கவிதைதான் பிள்ளை."

"உண்மையா அண்ணை. 'போதும், நிப்பாட்டு' எண்டு மூளைக்குச் சொல்லுதாம்."

"எனக்குத்தானே தொப்பை கூடுதல். அப்ப எனக்குக் கூடுதலாச் சொல்லவேணுமே? நான் மூண்டாம் தரமும் புட்டு வாங்கித் தின்னுறன்."

ஆராய்ச்சிக்காரர்களும் இந்த இடத்தில்தான் தடுக்கி நின்றார்களாம். கரையோடு பேசப் படகில் தொங்கவிட்டிருந்த வோக்கி கண்ணில் பட்டது.

"அண்ணி கரையிலை இருந்து ஓயாமல் வோக்கியிலை கூப்பிட்டால் என்ன செய்வியள்?"

"சத்தத்தைக் குறைச்சுவிடுவன்."

"மூளையும் அதைத்தான் செய்யுது."

துடைத்த கை நின்றது. அண்ணை சிரிப்பார் என்று பார்த்தேன்.

"அப்ப அவசரத்துக்குக் கூப்பிட்டாலும் கேளாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மற்றச் சாமான், குழாயைக் காக்கிறது எண்டாய். அது எனக்குக் குறைஞ்சிருக்குமோ?"

"தெரியாது அண்ணை. சாதாரணமா அதைப் பாக்கிறேல்லையாம். சீனியும் நெஞ்சும் பாத்தால் ஏதாவது பிடிபடும்."

"கூட வாறியோ?"

"ஓம்."

பெரியாஸ்பத்திரியில் பார்த்தபோது சீனி கூடியிருந்தது. இதயத் துடிப்பின் கோடுகளை டொக்டர் இரண்டு தரம் பார்த்தார். அண்ணை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கடலுக்குப் போகலாமோ டொக்டர்?"

"உங்களை மெசினிலை நடக்கவிட்டு ஒரு சோதனை செய்யவேணும். அது முடியுமட்டும் வலை இழுக்கிறேல்லை, படகு தள்ளுறேல்லை."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு பாப்பம்."

வெளியே வந்து மர வாங்கில் உட்கார்ந்தோம். ஏச்சு வாங்க நான் தயாராக இருந்தேன். அண்ணை தன் வயிற்றை, படகில் புதிதாக ஏறிய ஆளைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இறங்கினால், அந்த நல்ல சாமான் திரும்பக் கூடுமோ?"

"பெரும்பாலும் கூடுமாம் அண்ணை. கொழுப்பு நல்லாக் குறைஞ்சால் அது ஏறுமாம்."

"எத்தினை நாளிலை?"

"கேக்கேல்லை."

"எல்லாம் கேட்டாய், அதைக் கேக்கேல்லை" என்று என் தலையில் குட்டிவிட்டு, தொலைபேசியை எடுத்துத் தன் படகில் கூடப் போகிறவனைக் கூப்பிட்டார்.

"டேய், நாளைக்கு நீ கொண்டு போ. ஓம், நான் வரேல்லை. இல்லையடா, காய்ச்சல் இல்லை. நெஞ்சிலை ஏதோவாம். ஆரும் கேட்டால் சொல்லு, ஒளிக்கத் தேவையில்லை."